ராபின்சன் குரூசோவை முழுதாகப் படிப்பது எப்படி? முதல்முறை வாசிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டுத்தோல் தொப்பி, தலைக்குமேல் தோல்குடை, தோளில் துப்பாக்கி, மணலில் ஒற்றைக் காலடித் தடம். ராபின்சன் குரூசோ என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழும் படங்கள் இவைதான். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் பல, கப்பல் உடைவதில் தொடங்கி மீட்புக்கான கப்பல் வருவதோடு முடிந்துவிடுகின்றன. விடாமுயற்சி வெல்லும் என்ற ஒரே வரிக்குள் கதையை அடக்கியும் விடுகின்றன.

முழு நாவலையும் படிக்கப் புறப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். குரூசோ அந்தத் தீவில் ஒதுங்கியது, அடிமைகளை வாங்கிவரப் போன பயணத்தில். ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிவந்து பிரேசில் தோட்டங்களில் வேலைக்கு விடுவதற்காகப் புறப்பட்ட கப்பல் அது. இதை அவனே தன் வாயால் சொல்கிறான், ஒளித்து வைக்கவில்லை. ஆனாலும் வாசகர்கள் அந்தப் பக்கத்தை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாவலின் பெரிய கருப்பொருள்களான உழைப்பு, தனிமை, இறைநம்பிக்கை, ஆட்சி ஆகிய எல்லாமே இந்த ஓர் உண்மையை மறக்காமல் படிக்கும்போது வேறு முகம் காட்டுகின்றன. கீழே உள்ள படிகளை அந்த நோக்கில்தான் அமைத்திருக்கிறேன். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கும், வாசகர் வட்டத்தில் பேசத் தயாராகிறவர்களுக்கும், சும்மா படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இவை உதவும்.

1. முழுப் பதிப்பைக் கையில் எடுங்கள்

நாவல் 1719 ஏப்ரல் 25 அன்று லண்டனில் வெளியானது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஏறத்தாழ 1,20,000 சொற்கள். மூலத்தில் அத்தியாயப் பிரிவுகள் கிடையாது. உங்கள் பதிப்பில் அத்தியாயத் தலைப்புகள் இருந்தால் அவை பின்னாளில் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. அவற்றை நம்பிக் கருப்பொருளை முடிவு செய்யாதீர்கள்.

அத்தியாயம் இல்லாத புத்தகத்தில் வழி தவறாமல் இருக்க, நீங்களே ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கப்பல் உடையும் வரை, அங்கிருந்து குரூசோவுக்குக் காய்ச்சல் வரும் வரை, காய்ச்சலிலிருந்து காலடித் தடம் வரை, தடத்திலிருந்து, குரூசோ காப்பாற்றித் தன் வேலையாளாக்கிக்கொள்ளும் ஃப்ரைடே வரும் வரை, ஃப்ரைடேயிலிருந்து கடைசி வரை. வாக்கியங்கள் மிக நீளமானவை. ஒரே வாக்கியம் அரைப்பக்கம் ஓடும். வாய்விட்டுப் படித்தால் பொருள் தானாகப் பிரிந்து வரும்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் ‘என்ன செய்கிறான்’ என்றும் வலப்பக்கம் ‘அதைப் பற்றி என்ன சொல்கிறான்’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நாவலின் கருப்பொருள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பத்திகளுக்கும் இடையில் விழும் இடைவெளியில்தான் இருக்கின்றன.

2. எழுதியவரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

டேனியல் டீஃபோ இதை எழுதியபோது அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்குமுன் வணிகராக இருந்து 1692-இல் திவாலானார். 1703-இல் ஒரு கிண்டல் துண்டுப் பிரசுரத்துக்காகக் கைது செய்யப்பட்டு, கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி மூன்று நாள் பொது இடங்களில் நிறுத்தப்பட்டார். இங்கிலாந்தின் அதிகாரபூர்வத் திருச்சபையோடு இணங்காத புராட்டஸ்டண்ட் பிரிவில் வளர்ந்தவர். கடன், கணக்கு, அவமானம், மனசாட்சி என்ற நான்கையும் நேரில் அறிந்த மனிதர். இந்த நான்கும் நாவலெங்கும் நடமாடுகின்றன.

முதல் பதிப்பின் முகப்பில் அவர் பெயரே இல்லை. குரூசோ ‘தானே எழுதியது’ என்றுதான் அச்சிடப்பட்டிருந்தது. வாசகர் அதை உண்மை வரலாறாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே கதைசொல்லி ஒரு கிழவன், தன் வாலிபத்தைத் திரும்பிப் பார்த்துத் தனக்குச் சாதகமாகத் தொகுத்துச் சொல்கிறான் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்திருங்கள்.

இது அலெக்ஸாண்டர் செல்கிர்க்கின் கதைதானே என்று யாராவது கேட்பார்கள். செல்கிர்க் ஸ்காட்லாந்து மாலுமி. 1704 முதல் 1709 வரை பசிபிக்கில் சிலி நாட்டுக்கு எதிரே உள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக்கூட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே வாழ்ந்தவர். டீஃபோவுக்கு அவர் கதை தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் குரூசோவின் தீவு அட்லாண்டிக் பக்கம், ஒரினோகோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே. இந்த இடமாற்றம் சிறிய விஷயம் இல்லை. அடிமை வணிகமும் கரும்புத் தோட்டங்களும் செழித்த கடற்பகுதிக்குத் தன் நாயகனைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார் டீஃபோ.

3. தீவுக்கு முந்தைய பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்

அவசரக்காரர்கள் புரட்டித் தள்ளும் பகுதி இது. எனக்கோ நாவலின் அடித்தளமே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

முதல் காட்சி, யார்க் நகரத்து வீடு. கீல்வாதத்தால் அறையைவிட்டு வெளியே வரமுடியாத தந்தை, மகனை அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார். மிகுந்த வறுமையும் இல்லாமல், மிகுந்த செல்வமும் இல்லாமல் நடுவில் இருப்பதே நிம்மதியான வாழ்வு என்பது அவர் வாதம். கடலுக்குப் போகாதே என்கிறார். பேசும்போதே கண்ணீர் வழிகிறது. மகன் உருகுகிறான், சில நாளில் மறந்தும் போகிறான். 1651 செப்டம்பர் 1 அன்று ஹல் துறைமுகத்தில் கப்பலேறிவிடுகிறான். பிற்பாடு எந்தத் துன்பம் வந்தாலும் ‘தந்தை சொல் கேளாத பாவம்’ என்றே குரூசோ காரணம் சொல்வான். உங்கள் வலப்பத்தியில் இந்த வரி திரும்பத் திரும்ப வரப்போகிறது.

இரண்டாவது, சூரி என்ற சிறுவன். மொராக்கோவின் சாலே கடற்கொள்ளையர் குரூசோவைப் பிடித்து அடிமையாக்குகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு படகில் தப்புகிறான். உடன் வரும் சூரியிடம், எனக்கு உண்மையாக இருந்தால் உன்னைப் பெரிய மனிதனாக்குவேன் என்கிறான். சூரியும் உயிரைக் கொடுத்து உழைக்கிறான். பிறகு போர்ச்சுகீசியக் கப்பல் தலைவன் ஒருவன் இருவரையும் கடலில் மீட்டு, சூரிக்கு அறுபது வெள்ளி நாணயம் விலை பேசுகிறான். என் விடுதலைக்கு உதவியவனின் விடுதலையை விற்பதா என்று குரூசோ சற்றுத் தயங்குகிறான். சிறுவன் கிறிஸ்தவனானால் பத்து ஆண்டுகளில் விடுவிப்பதாகத் தலைவன் வாக்களித்ததும் சம்மதித்துவிடுகிறான். இதே தலைவனிடம் படகையும் எண்பது நாணயத்துக்கு விற்கிறான். இரண்டு விலைகளையும் இடப்பத்தியில் அருகருகே எழுதுங்கள்.

பிரேசிலில் தோட்டம் போட்ட பிறகு, சூரியை விட்டது தவறு என்று குரூசோ வருந்துகிறான். காரணம் மனசாட்சி அன்று. தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை. இந்த ஒரு வாக்கியம் அவன் குணத்தை முழுவதுமாகத் திறந்து காட்டுகிறது. பக்கத்தில் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அந்தப் பயணம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலர் கினியிலிருந்து இரகசியமாக அடிமைகளைக் கொண்டுவரத் திட்டமிட்டு, குரூசோவைப் பொறுப்பாளனாக அனுப்புகிறார்கள். பணம் போடாமலே சமபங்கு அடிமைகள் அவனுக்கு உண்டு. 1659 செப்டம்பர் 1 அன்று, வீட்டைவிட்டு ஓடிய அதே நாளில், கப்பலேறுகிறான். தேதிப் பொருத்தத்தைக் குரூசோவே கவனித்துச் சொல்கிறான். அந்த நாளில் தந்தையை மீறியதை நினைத்து நடுங்குகிறவனுக்கு, அந்தப் பயணத்தின் சரக்கு மனிதர்கள் என்பது உறுத்தவே இல்லை.

4. கப்பலிலிருந்து கரைக்கு வந்தவற்றைப் பட்டியலிடுங்கள்

1659 செப்டம்பர் 30. கப்பலில் இருந்தவர்களில் குரூசோ மட்டும் பிழைக்கிறான். தோழர்களின் அடையாளமாகப் பிறகு அவன் காண்பது மூன்று தொப்பிகள், ஒரு குல்லா, ஒன்றுக்கொன்று ஜோடி சேராத இரண்டு செருப்புகள். இழப்பின் துயரை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வரிகள் அரிது. புலம்பல் கிடையாது, பொருள்களின் எண்ணிக்கை மட்டும்தான். டீஃபோவின் எழுத்து முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

அடுத்த இரு வாரங்களுக்குள் பதினோரு முறை உடைந்த கப்பலுக்குப் போய்த் தெப்பத்தில் சாமான் ஏற்றி வருகிறான். பிஸ்கட், அரிசி, டச்சுப் பாலாடைக்கட்டி, தச்சன் பெட்டி, துப்பாக்கிகள், வெடிமருந்து, பாய்மரத் துணி, கயிறு, ஆணி, கோடரி. எல்லாவற்றையும் எழுதுங்கள். வெறுங்கையோடு இயற்கையை வென்ற மனிதன் என்ற புகழ் இந்தப் பட்டியல் முன் நிற்காது. எத்தனையோ கொல்லர்களும் தச்சர்களும் நெசவாளிகளும் பல ஆண்டுகள் செய்த உழைப்பு தெப்பத்தில் அவனோடு கரையேறுகிறது. கார்ல் மார்க்ஸ் 1867-இல் ‘மூலதனம்’ என்ற தம் பெருநூலில், பொருளாதார அறிஞர்களுக்கு ராபின்சன் கதை மிகவும் பிடிக்கும் என்று குறிப்பிட்டதை அறிந்திருப்பீர்கள். தனியொருவனிலிருந்து பொருளாதாரத்தை விளக்கத் தொடங்கும் அந்தப் பழக்கத்தை நாவலே எப்படி மறுக்கிறது என்பதற்கு உங்கள் பட்டியல் சான்று.

பட்டியலில் ஒரு பொருளுக்குக் கீழே கோடிடச் சொல்வேன். பின்னால் மாவு சலிக்கச் சல்லடை இல்லாமல் திண்டாடும்போது, மாலுமிகளின் காலிகோ அல்லது மஸ்லின் கழுத்துத்துணி குரூசோவின் நினைவுக்கு வருகிறது. அவற்றைக் கிழித்து மூன்று சல்லடை செய்கிறான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு இத்தகைய பருத்தித் துணிகளை ஏராளமாக அனுப்பியவர்கள் இந்திய நெசவாளிகள். சோழமண்டலக் கரை நெசவாளிகளும் அவர்களில் அடக்கம். நாவல் வெளியான 1719-இல் லண்டன் நெசவாளிகள் இந்தியத் துணிக்கு எதிராகத் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். டீஃபோவும் அவர்கள் பக்கம் நின்று எழுதினார். அவரது நாயகனுக்கோ ரொட்டி கிடைத்தது அதே துணியால்தான்.

பணம் கிடைக்கும் காட்சியையும் விடாதீர்கள். கப்பல் அறையில் ஏறத்தாழ 36 பவுண்டு மதிப்புள்ள நாணயங்கள் அகப்படுகின்றன. உன்னால் என்ன பயன், குனிந்து எடுக்கக்கூட நீ தகுதியற்றவன் என்று பணத்தைப் பார்த்துப் பேசுகிறான். பிறகு, யோசித்துப் பார்த்து, அதையும் எடுத்துக்கொள்கிறான். இரண்டு பத்திகளுக்கும் இடையிலான இடைவெளியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நாவலில் வேறு இல்லை.

5. உழைப்பு: பலகை, பானை, படகு

தீவு வாழ்க்கைப் பகுதி சலிப்பூட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குகைக்குள் ஓர் அலமாரித் தட்டு வேண்டும். அதற்கான பலகை செய்ய 42 நாள். ஒரு மரத்துக்கு ஒரே பலகைதான், ஏனென்றால் இருபுறமும் செதுக்கித் தள்ளவேண்டும். மண்பாண்டம் செய்ய இரண்டு மாதம் போராடி, ஜாடி என்று சொல்லவே கூசும் இரண்டு அவலட்சணங்கள் மிஞ்சுகின்றன. ஒருநாள் அடுப்பில் விழுந்த ஓட்டுத் துண்டு கல்லாய் இறுகியிருப்பதைக் கண்டு, சூளை வைக்கிறான். தீயைத் தாங்கும் முதல் பானை உருவானதும் அவன் அடையும் மகிழ்ச்சி, மன்னர் மகுடம் சூடும்போதும் கிட்டாதது. உடனே அதில் ஆட்டுக்குட்டி இறைச்சியைப் போட்டுக் குழம்பு காய்ச்சுகிறான். நாம் கடையில் வாங்கி மறந்துவிடும் ஒவ்வொன்றும் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று வேறெந்த நாவலும் எனக்கு இப்படிக் கற்பித்ததில்லை.

தத்துவ அறிஞர் ரூசோ 1762-இல் தம் கல்வி நூலில், அதில் வரும் கற்பனைச் சிறுவன் எமில் முதலில் படிக்கவேண்டிய புத்தகம் இதுவே என்று எழுதினார். அந்தப் பரிந்துரைக்கு நியாயம் சேர்ப்பவை இந்தப் பக்கங்கள்தாம்.

படகுக் காட்சியை உழைப்பின் பெருமையாக மட்டும் படித்துவிடக் கூடாது. பெரிய தேவதாரு மரத்தை அடியில் வெட்ட இருபது நாள். கிளை கழிக்க மேலும் பதினான்கு நாள். உருவம் கொடுக்க ஒரு மாதம், உள்ளே குடைய மூன்று மாதம். இருபத்தாறு பேரைத் தாங்கும் படகு. ஆனால் நூறு கஜம் தள்ளியிருக்கும் நீருக்கு அதை நகர்த்த முடியவில்லை. வாய்க்கால் வெட்டலாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். படகு அங்கேயே கிடக்கிறது. செலவைக் கணக்கிடாமல் வேலை தொடங்கும் அறிவீனம் பற்றி அவன் பாடம் சொல்கிறான். எதையும் அளந்து எழுதிவைக்கிற மனிதனையும் ஆசை இப்படி இழுத்துப்போகும் என்பதே எனக்கு அங்கே பெரிதாகப் படுகிறது. வீட்டைவிட்டு ஓடியதும் கினிக்குப் புறப்பட்டதும் இதே வேகத்தில்தான்.

6. நம்பிக்கையும் பேரேடும்

இறைநம்பிக்கைதான் இன்றைய வாசகர் மிகச் சுலபமாகத் தாண்டிச்செல்லும் கருப்பொருள். தாண்டினால் நாவல் பாதியாகிவிடும். டீஃபோ வளர்ந்த சமயப் பிரிவில், தன் வாழ்வை நாள்தோறும் ஆராய்ந்து எழுதி, அதில் கடவுளின் கை எங்கே தெரிகிறது என்று தேடும் வழக்கம் இருந்தது. குரூசோவின் நாட்குறிப்பு அந்த மரபின் குழந்தை.

மூன்று இடங்களை வரிசையாகப் படியுங்கள். முதலாவது, தீமை என்றும் நன்மை என்றும் இரண்டு பத்தி போட்டு, பற்று வரவு எழுதுவதுபோல் அவன் எழுதும் கணக்கு. ஆளரவமற்ற தீவில் தள்ளப்பட்டேன் என்பது ஒரு பக்கம். மற்றவர்களைப்போல் மூழ்கிச் சாகாமல் உயிரோடு இருக்கிறேன் என்பது எதிர்ப்பக்கம். இரண்டாவது, பார்லி. மூட்டையில் மிஞ்சிய உமியை உதறிக் கொட்டிய இடத்தில் பச்சைக் கதிர்கள் முளைக்கின்றன. கடவுளின் அற்புதம் என்று அழுகிறான். மூட்டையை உதறியது நினைவுக்கு வந்ததும் பக்தியும் வற்றிப்போகிறது. பின்னாளில்தான், பத்துப் பன்னிரண்டு மணி கெடாமல் எஞ்சியதே அற்புதம் என்ற முடிவுக்கு வருகிறான். அந்த விதையைச் சேமித்து, நான்காம் ஆண்டில்தான் அதில் ஒரு மணியை வாயில் போடுகிறான். மூன்றாவது, காய்ச்சலும் கனவும். ரம்மில் ஊறிய புகையிலையை மருந்தாகக் குடித்துவிட்டு, பைபிளைத் திறந்தவன் கண்ணில் படுவது, துன்ப நாளில் என்னைக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன் என்னும் சங்கீத வசனம். முதலில் விடுதலை என்றால் தீவிலிருந்து விடுதலை என்று எடுத்துக்கொள்கிறான். பிறகு பாவத்திலிருந்து விடுதலை என்று.

இப்போது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களுக்குப் போங்கள். எந்தப் பாவத்துக்காக வருந்துகிறான்? தந்தையை மீறியது, கடவுளை மறந்து திரிந்தது, கிடைத்த நிலையில் நிறைவடையாதது. அடிமை வாங்கப் போனதைக்கூட, வீட்டிலிருந்தபடியே விலை கொடுத்து வாங்கியிருக்கலாமே, நானே ஏன் போனேன் என்ற அளவில்தான் பின்னாளில் நினைத்து வருந்துகிறான். சூரியின் பெயர் அந்தக் கண்ணீரில் இல்லை. அவன் பக்தி போலி என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பக்கங்கள் உண்மையாகவே நெகிழ்விப்பவை. மனம் உருகி அழும் ஒரு மனிதனின் பேரேட்டில் எந்தக் கடன் ஏறவே இல்லை என்று பார்ப்பதும் வாசகரின் கடமை.

7. தனிமையைக் காலடித் தடத்தோடு சேர்த்துப் படியுங்கள்

குரூசோவின் தனிமையைச் சொல்ல டீஃபோ ஒரு கிளியைப் பயன்படுத்துகிறார். தீவைச் சுற்றிவர, பிறகு செய்த சிறிய படகொன்றில் போய், நீரோட்டத்தில் அடித்துச்செல்லப்பட்டு, தப்பித் திரும்பி, தன் தோட்டத்துக் குடிலில் அயர்ந்து தூங்குகிறான். யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள்: பாவம் ராபின் குரூசோ, நீ எங்கே இருக்கிறாய், எங்கே போயிருந்தாய்? அவன் கற்பித்த சொற்களையே கிளி திருப்பிச் சொல்கிறது. அவன்மேல் இரக்கப்பட அந்தத் தீவில் அவன் குரலைத் தவிர வேறு குரல் இல்லை.

பதினைந்து ஆண்டுகள் மனித முகம் காணாமல் ஏங்கியவன், ஒரு நண்பகலில் மணலில் வெறுங்காலின் ஒற்றைத் தடத்தைப் பார்க்கிறான். மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் பேயடித்ததுபோல் ஓடுகிறான். சாத்தானின் வேலையோ என்கிறான். தன் கால்தானோ என்று திரும்பிப்போய் அளந்து பார்க்கிறான், தடம் பெரியது. வேலிகளைப் பிடுங்கி, ஆடுகளை அவிழ்த்துவிட்டு, வயல்களை அழித்துவிடலாமா என்றெல்லாம் நினைக்கிறான். அச்சம் தன் இறைநம்பிக்கையைத் துரத்திவிட்டது என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

தேர்வில் தனிமை பற்றிக் கேட்டால் பலரும் மனித உறவுக்கான ஏக்கம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். இந்தக் காட்சியை வைத்து நீங்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்: ஏங்கியவன் ஏன் அஞ்சுகிறான்? தீவு இப்போது அவன் சொத்து. தன்னை அரசன் என்றும் தீவின் உடைமையாளன் என்றும் அழைத்துப் பழகிவிட்டான். தீவில் தன் ஆறாம் ஆண்டைக் குறிப்பிடும்போது, ‘என் ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அல்லது சிறைவாசத்தின், எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்’ என்கிறான். ஆட்சிக்கு வேறொருவர் காலடி ஆபத்து. சிறைக்கு அது விடுதலை. இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

8. ஃப்ரைடே வந்த பிறகு வேகத்தைக் குறையுங்கள்

கதை இங்கே ஓட்டம் பிடிக்கும். நீங்கள் நிதானியுங்கள்.

கரையில் நரமாமிச விருந்தின் எச்சங்களைக் கண்ட குரூசோ, அந்த விருந்து நடத்தியவர்களைக் கொல்லத் திட்டமிடுகிறான். பிறகு தன்னையே கேட்டுக்கொள்கிறான்: எனக்குத் தீங்கு செய்யாத இவர்களுக்கு நீதிபதியாகவும் தண்டிப்பவனாகவும் இருக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அப்படிக் கொன்றால், அமெரிக்காவில் இலட்சக்கணக்கானவர்களை அழித்த ஸ்பானியரிடமிருந்து நான் எந்த வகையில் வேறு? 1719-இல் அச்சான வரிகள் என்பதால் இவை வியப்பூட்டுகின்றன. வலப்பத்தியில் இதை எழுதுங்கள். பின்னர் அவன் சுடத்தான் போகிறான், அது இடப்பத்திக்கு.

ஃப்ரைடே வருவதற்குமுன் குரூசோ ஒரு கனவு காண்கிறான்: தப்பி ஓடிவரும் ஒருவனைக் காப்பாற்றி, அவன் உதவியோடு தீவிலிருந்து வெளியேறுவதாக. ஆள் வருவதற்குமுன்பே அவனுக்கான வேலை தயாராக இருக்கிறது. வந்தவன் நன்றியில் குரூசோவின் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். அது என்றென்றும் அடிமை என்ற உறுதிமொழி என்று குரூசோ பொருள் கொள்கிறான். அவன் தாய் வைத்த பெயர் என்ன என்று கேட்காமல், காப்பாற்றிய கிழமையைப் பெயராக வைக்கிறான். தன்னை எஜமான் என்று அழைக்கக் கற்றுக்கொடுக்கிறான். தன் பெயரைச் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை. நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1912-இல் இத்தாலிய மொழியில் ஆற்றிய உரையொன்றில் பிரிட்டிஷ் காலனியாளரின் முன்மாதிரி குரூசோவே என்றார். அயர்லாந்துக்காரர் கண்ணுக்கு அது உடனே தென்பட்டதில் ஆச்சரியமில்லை.

ஆயினும் ஃப்ரைடே வெறும் நிழலாக இல்லை என்பதையும் கவனியுங்கள். கடவுள் சாத்தானைவிட வலியவர் என்று பாடம் நடக்கும்போது, அப்படியானால் கடவுள் ஏன் சாத்தானைக் கொல்லவில்லை என்று கேட்கிறான். குரூசோவிடம் பதில் இல்லை. காதில் விழாததுபோல் நடிக்கிறான். நாவலின் மிகக் கூர்மையான கேள்வியைக் கேட்பவன், மொழியை அரைகுறையாகக் கற்றவன். பிறகு, நரமாமிசம் உண்போர் கொண்டுவந்த கைதிகளில் ஒரு ஸ்பானியரையும் இன்னொருவரையும் மீட்கிறார்கள். கட்டுண்டு கிடக்கும் அந்த இன்னொருவர் தன் தந்தை என்று அறிந்ததும் ஃப்ரைடே அழுது, சிரித்து, ஆடி, அவர் மரத்துப்போன கை கால்களைத் தேய்த்துவிடும் காட்சியைப் படியுங்கள். தந்தையைவிட்டு ஓடியவன் அதை நின்று பார்க்கிறான். முதல் காட்சியோடு இதை இணைத்து ஒரு நல்ல கட்டுரையே எழுதலாம்.

அந்த நாளிலேயே குரூசோ தன் குடிமக்களை எண்ணுகிறான்: புராட்டஸ்டண்டான ஃப்ரைடே, வேற்றுச் சமயத்தவரான அவன் தந்தை, கத்தோலிக்கரான ஸ்பானியர். என் ஆட்சியில் எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் உண்டு என்கிறான். சமய வேறுபாட்டுக்காகத் தண்டனை அனுபவித்த டீஃபோவின் குரல் அதில் கேட்கிறது. கூடவே, ஸ்பானியரின் தோழர்களை அழைத்துவரும் முன் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும் என்கிறான். அவர்களிடம் பேனாவும் மையும் இல்லையே என்பதை யாரும் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான். சட்டம், எழுத்து, கையொப்பம் எல்லாம் குடிபெயர்ந்து தீவுக்கு வந்தாயிற்று.

9. கடைசிப் பக்கங்களில் கணக்கு முடிகிறது

குரூசோ தீவைவிட்டுக் கிளம்பும் நாள் 1686 டிசம்பர் 19. எடுத்துச்செல்வது தொப்பி, குடை, கிளி, கூடவே அந்தப் பணம். இத்தனை காலம் கிடந்து மங்கிப்போன நாணயங்கள், தேய்த்தால் மறுபடி வெள்ளியாகும்.

சூரியை முன்பு வாங்கிய அதே பழைய கப்பல் தலைவனை லிஸ்பனில் சந்திக்கிறான். பிரேசில் தோட்டம் அவன் இல்லாத காலத்திலும் பெருகியிருக்கிறது. ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் ரொக்கமும், ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் வருமானம் தரும் நிலமும் சேர்ந்திருக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டு தீவில் தன் கையால் செய்த எதுவும் அவனைச் செல்வனாக்கவில்லை. தோட்டத்தில் பிறர் உழைத்த உழைப்பு ஆக்கியது. யோபுவின் பின்னாள் முன்னாளைவிட மேலானதுபோல் என் நிலை என்று பைபிளைத் துணைக்கழைக்கிறான். சூரி என்னவானான் என்று அந்தத் தலைவனிடம் கேட்பதில்லை. உங்கள் இரண்டு பத்திகளில் கடைசியாக எழுதவேண்டியது இதுதான்.

ஊர் திரும்பும் வழியில் பனிமலையில் ஓநாய்களோடு நடக்கும் சண்டைப் பக்கங்களை வேகமாகப் படித்துவிடலாம்.

10. கட்டுரை எழுதுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

தலைப்பை ஒற்றைச் சொல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள். ‘தனிமை’, ‘உழைப்பு’ என்று எடுத்தால் கதைச் சுருக்கம்தான் வரும். ஒன்றோடொன்று மோதும் இரண்டு காட்சிகளை எடுத்துக்கொண்டு ஏன் என்று கேளுங்கள்: பணத்தைத் திட்டியவன் ஏன் எடுத்துக்கொண்டான், நரமாமிசம் உண்போரைத் தீர்ப்பிட மறுத்தவன் ஏன் சுட்டான், அடிமையாக இருந்து தப்பியவன் ஏன் அடிமை வாங்கப் போனான்.

நாவலில் உள்ள பிசகுகளைக் கண்டு குழம்பவேண்டாம். 1659 செப்டம்பர் 30 முதல் 1686 டிசம்பர் 19 வரை கூட்டினால் 27 ஆண்டு சொச்சம்தான் வரும். குரூசோ 28 ஆண்டு, இரண்டு மாதம், பத்தொன்பது நாள் என்கிறான். ஆடைகளைக் களைந்துவிட்டுக் கப்பலுக்கு நீந்திப் போனவன் அங்கே ஆடையின் பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். டீஃபோ வேகமாக எழுதினார். இவற்றில் ஆழ்ந்த குறியீடு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்து எதைப் படிப்பது என்றால், 1719-லேயே வெளியான இரண்டாம் பாகத்தில் குரூசோ தீவுக்குத் திரும்புவதையும், கடலில் அம்புகள் பாய்ந்து ஃப்ரைடே இறப்பதையும் மட்டும் தேடிப் படித்தால் போதும், மற்றவை நீர்த்துப்போனவை. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸி 1986-இல் எழுதிய ‘ஃபோ’ நாவலை அதற்குப் பிறகு எடுங்கள். அதில் ஃப்ரைடேக்கு நாக்கு இல்லை, அவன் கதையைச் சொல்ல ஒரு பெண் முயல்கிறாள். மூல நாவலின் ஃப்ரைடே பகுதியை மீண்டும் ஒருமுறை அவன் பேசும் வரிகளை மட்டும் தனியே எழுதிவைத்துப் படித்துவிட்டு அதைத் தொடங்கினால், கூட்ஸி எங்கே கை வைத்திருக்கிறார் என்பது முதல் சில பக்கங்களிலேயே விளங்கிவிடும்.